பியூஸ் போனால் காரணம் தேடுங்களேன்

வாகனத்தில் பியூஸ் அடிக்கடி போகிறது என்று கராஜுக்குக் கொண்டுபோனால், அது ஏன் போகிறது என்று பார்க்க ஆளில்லை. போனதைக் கழற்றி எறிந்துவிட்டு அதைவிடத் தடித்த ஒன்றைக் குத்திவிடுகிறார்கள். பத்து அம்பியர் சிவப்புப் பியூஸ் இருக்கவேண்டிய இடத்தில் இருபது அம்பியர் மஞ்சள். மஞ்சளும் போனால் முப்பது அம்பியர் பச்சை. பச்சையும் கையில் இல்லையென்றால் ஒரு வயர்த் துண்டின் தோலை உரித்து, நாலைந்து செப்பு இழையை முறுக்கி அந்த ஓட்டைக்குள் செருகி, "இனிப் போகாது அண்ணை" என்று சொல்லிக் காசையும் வாங்கிவிடுகிறார்கள். உண்மைதான், இனிப் பியூஸ் போகாது. அடுத்த முறை உருகப்போவது உள்ளே ஓடுகிற வயர்.

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா என்று எங்கே போனாலும் இதே கதைதான். பொனற்றைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிற வாகனத்தைக் கண்டால் எட்டிப் பார்க்கிற பழக்கம் எனக்கு உண்டு. பியூஸ் பெட்டிக்குள் செப்புக் கம்பி மினுங்குவதைக் காணும்போதெல்லாம் வயிறு எரிகிறது. பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் ஏற்றிப் போகிற வான்களிலும் இதைக் கண்டிருக்கிறேன்.

எங்கள் வீட்டில் நிற்பது தொண்ணூறுகளில் யப்பானில் செய்த ஒரு கார். அதற்கு வந்த வருத்தம் இதுதான்: இரவில் லைற்றைப் போட்டால் சில நாள் ஒரு குறையும் இராது. சில நாள் மதகு ஒன்றில் ஏறி இறங்கும்போது ஒரு குலுக்கல், அந்தக் கணமே டாஷ்போட் இருண்டுவிடும். முன்னால் பெரிய லைற் எரிந்துகொண்டிருக்கும், பின்னால் சிவப்பு லைற் இரண்டும் செத்திருக்கும். சாரதிக்கு முன்பக்கம் வெளிச்சம் தெரிவதால் பின்பக்கம் இருட்டு என்பதே உறைக்காது. ஏ-9 வீதியில் புளியங்குளத்துக்கும் கனகராயன்குளத்துக்கும் இடையில், இரவுநேரத்தில், பின் லைற் இல்லாமல் போவது எப்படிப்பட்ட காரியம் என்று அந்த வீதியில் ஓடுகிறவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. யாழ்ப்பாணம் போகிற சொகுசு பஸ்கள் ஒன்றையொன்று முந்திக்கொண்டு வரும். மணல் ஏற்றிய டிப்பர் வரும். மழையும் சேர்ந்துவிட்டால் அவர்கள் கண்ணுக்கு நாங்கள் இல்லவே இல்லை.

முதல் கராஜில் புதுப் பியூஸ் போட்டுத் தந்தார்கள். அது போக, அடுத்த கராஜில் இருபது அம்பியர் போட்டுத் தந்தார்கள். அதுவும் போக, இன்னொரு இடத்தில் எனக்குச் சொல்லாமலே கம்பி சுற்றிவிட்டிருந்தார்கள். ஒரு நாள் பின்னேரம் காருக்குள் பிளாஸ்ரிக் கருகுகிற மணம். நிற்பாட்டி, சாரதி இருக்கைக்கு அருகே கார்ப்பெற்றைத் தூக்கிப் பார்த்தால், கறுப்பு ரேப் சுற்றிப் பின்பக்கம் ஓடுகிற வயர்க் கட்டு இளகிப்போய்க் கிடக்கிறது. ரேப்பைப் பிரித்தால் உள்ளே சிவப்பும் பச்சையும் நீலமும் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே கட்டியாகியிருந்தன. பழுது ஒரு வயரில். வெந்தது ஒரு கட்டு. பெற்றோல் பம்புக்குப் போகிற வயரும் அதே கட்டுக்குள்தான் ஓடுகிறது.

அதற்குப் பிறகு பார்த்த ஒரு பெடியன் சொன்ன வைத்தியம் அதைவிட மோசம். "பழைய வயரிங்கை விடுங்கோ அண்ணை. பற்றரியில இருந்து நேர் லைன் இழுத்துத் தாறன். தனியா ஒரு சுவிச்சும் போட்டு விடுறன்." பியூஸ் இல்லாத நேர் லைன். நான் வேண்டாம் என்று திரும்பிவிட்டேன். ஆனால் சம்மதித்து வாங்கிக்கொண்டு போகிறவர்கள் எத்தனையோ பேர். ஸ்ரியறிங்குக்குக் கீழே வரிசையாக நாலு சுவிச் தொங்குகிற வாகனங்கள் எல்லாம் இப்படி உருவானவைதான். ஒவ்வொரு சுவிச்சும் யாரோ தேடாமல் விட்ட ஒரு பழுது.

இதில் என்ன ஆபத்து என்று கேட்பவர்களுக்கு ஒரு விளக்கம் சொல்லியே ஆகவேண்டும். வீட்டு மின்சாரம் 230 வோல்ற். தொட்டால் அடிக்கும், அதனால் எல்லோருக்கும் பயம். கார் பற்றரி 12 வோல்ற். இரண்டு முனையையும் கையால் பிடித்தாலும் ஒன்றும் தெரியாது. அந்தத் துணிச்சலில்தான் விளையாடுகிறார்கள். ஆனால் அதே பற்றரிதான் ஸ்ராட்டரைச் சுழற்றும்போது நூறு அம்பியருக்கு மேல் கொடுக்கிறது. காரின் இரும்பு உடல் முழுவதும் பற்றரியின் கழித்தல் முனையோடு தொடுத்திருக்கிறது. கூட்டல் பக்கத்து வயர் ஒன்றின் தோல் எங்கேயாவது உரிந்து அந்த இரும்பில் முட்டினால், லைற்றுக்குள் போகவேண்டிய மின்சாரம் குறுக்கு வழியில் இறங்கிவிடும். அப்போது அதைத் தடுக்கப் பியூஸைத் தவிர வேறு எதுவுமில்லை. பின் லைற்றுக்குப் போகிற வயர் மெல்லியது, பத்து அம்பியர் பியூஸை நம்பிப் போட்டது. மின்னோட்டம் இரண்டு மடங்கானால் வயரில் பிறக்கும் சூடு நாலு மடங்காகும், மூன்று மடங்கானால் ஒன்பது மடங்கு. முப்பது அம்பியர் பியூஸ் போட்டவர் அந்த ஒன்பது மடங்கு சூட்டுக்கு அனுமதி எழுதிக் கொடுத்திருக்கிறார். செப்புக் கம்பி சுற்றியவர் எல்லையே வைக்கவில்லை.

போன பியூஸையாவது ஒருமுறை கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்க்கிறார்களா? அதுவும் இல்லை. அந்தச் சின்னப் பிளாஸ்ரிக் துண்டுக்குள்ளேயே பாதிச் செய்தி இருக்கிறது. உள்ளே இருக்கிற தகடு நடுவில் இளகி மெதுவாக அறுந்திருந்தால், அந்த லைனில் தாங்கமுடியாத சுமை ஏற்றியிருக்கிறார்கள் என்று பொருள். யாரோ பெரிய ஹோர்னோ கூடுதல் லைற்றோ பூட்டியிருப்பார்கள். தகடு சிதறி, பிளாஸ்ரிக்கின் உட்பக்கம் கரியும் வெள்ளியுமாகப் பூசினதுபோல் இருந்தால், எங்கேயோ வயர் இரும்பில் முட்டி ஒரே அடியாக அடித்திருக்கிறது. இரண்டுக்கும் வைத்தியம் வேறு. எங்கள் கராஜ்களில் இரண்டும் ஒரே வாளிக்குள் போகின்றன.

கடைசியில் அந்தப் பழுதைப் பிடித்தவர் புதுக்குடியிருப்புப் பக்கம் இருக்கிற வயதான ஒருவர். தகரக் கொட்டில்தான் அவருடைய கராஜ். கொம்பியூற்றர் இல்லை, ஸ்கானர் இல்லை. அவரிடம் இருந்தது 21 வாற் சிக்னல் பல்பு ஒன்று, ஒரு ஹோல்டர், அதிலிருந்து இரண்டு வயர். நான் காரைக் கொண்டுபோனதும் அவர் பியூஸ் பெட்டியைத் தொடவில்லை. "எப்பெப்பப் போகுது? லைற் போட்ட உடனயா, ஓடேக்கையா? மழை நாளிலயா, வெயிலிலயா? பின் டிக்கி திறந்து சாமான் ஏத்தினாப் பிறகோ?" என்று கேட்டுக்கொண்டேயிருந்தார். அதுவரை ஒருவரும் என்னிடம் ஒரு கேள்வி கேட்டிருக்கவில்லை.

பிறகு வேலை தொடங்கியது. பியூஸைக் கழற்றிவிட்டு, அந்த இரண்டு முனைக்கும் நடுவே தன்னுடைய பல்பைக் கொழுவினார். பின் லைற் பல்புகள், நம்பர் பிளேற் பல்பு, முன்னால் பார்க் பல்புகள், டாஷ்போட் பல்புகள் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் கழற்றி ஒரு சிரட்டைக்குள் போட்டார். லைற் சுவிச்சைப் போட்டார். "இப்ப இந்த லைனில எரியிறதுக்கு ஒண்டுமில்லை. அப்ப என்ர பல்பும் எரியக்கூடாது. எரிஞ்சா, மின்சாரம் களவாப் போகுது எண்டு அர்த்தம்" என்றார். பல்பு எரியவில்லை. கதவைத் திறந்து அடித்தார். இல்லை. பின் இருக்கையைத் தூக்கி, வெந்துபோன கட்டைப் பிரித்து, ஒட்டியிருந்த வயர்களை விலக்கி அசைத்தார். இல்லை. டிக்கி மூடியை மெதுவாகத் தூக்கினார். பாதி உயரத்தில் பல்பு பளிச்சென்று எரிந்தது. முழுக்கத் தூக்க அணைந்தது. திரும்பப் பதிக்க, அதே பாதியில் திரும்ப எரிந்தது.

டிக்கிப் பிணைச்சலுக்குப் பக்கத்தில் வயர்கள் ஒரு றப்பர்க் குழாய்க்குள்ளால் மூடிக்குப் போகின்றன. மூடியைத் திறந்து மூடும்போதெல்லாம் அந்த இடத்தில் வயர் மடிந்து நிமிர்கிறது. முப்பது வருடம் மடிந்தால் என்ன ஆகும்? குழாயைக் கத்தியால் கீறினார். நம்பர் பிளேற் லைற்றுக்குப் போகிற வயரின் தோல், விரல் நகம் அகலத்துக்கு வெடித்து விலகியிருந்தது. உள்ளே செப்பு பச்சைக் களிம்பு பிடித்துப்போய், பாதி இழை அறுந்திருந்தது. மிச்ச இழைகள் பிணைச்சலின் விளிம்பில் உரசி உரசி அந்த இடத்துப் பெயின்றையும் தின்றுவிட்டன. மதகில் கார் குலுங்கும்போது மூடி ஒரு நூல் அசையும், வயர் இரும்பில் முட்டும், பியூஸ் போகும். ஐந்து வாற் பல்பு ஒன்றுக்குப் போகிற வயர் அது. அதைத் தேட ஒருவருக்கும் நேரமில்லாததால் ஒரு வயர்க் கட்டே வெந்தது.

அவர் அந்த இடத்தை வெட்டி, கொஞ்சம் நீளமாக வேறு வயர் சேர்த்து, முறுக்கி ரேப் சுற்றாமல் சோல்டர் பண்ணி, மேலே சின்ன றப்பர்க் குழாய் ஏற்றினார். வெந்த வயர்களையும் ஒவ்வொன்றாக மாற்றினார். கடைசியாகப் பத்து அம்பியர் சிவப்புப் பியூஸைப் போட்டார். அது இன்றுவரை போகவில்லை. அவர் வாங்கிய கூலி, அதற்கு முன் மற்றவர்கள் வாங்கியதையெல்லாம் கூட்டினால் அதைவிடக் குறைவு.

இந்தப் பொறுமை அவருக்கு எங்கேயிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். தொண்ணூறுகளில் வன்னிக்குப் பொருளாதாரத் தடை. பெற்றோல் இல்லை, பற்றரி இல்லை, மின்சாரம் இல்லை. சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்ட காலம். மொறிஸ் மைனரையும் ஏ-40ஐயும் துளிப் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டினார்கள். அப்போது ஒரு பற்றரி செத்தால் அடுத்தது எங்கே என்று தெரியாது. எங்கேயோ ஒரு சின்ன ஒழுக்கு இரவிரவாகப் பற்றரியைக் குடித்தால் விடிய வாகனம் எழும்பாது, நோயாளியை ஏற்ற வேறொன்றும் இராது. ஆகவே ஒழுக்கு எங்கே என்று தேடத்தான் வேண்டும், வேறு வழியில்லை. பியூஸையும் அள்ளி எறிய முடியாது. அந்த நெருக்கடியில் தேறிய கைகள் எத்தனை! 2009 மே மாதத்தில் போர் முடிந்த பிறகு முள்ளிவாய்க்கால் கரையில் துருவேறிக் குவிந்துகிடந்த வாகனங்களைப் படத்தில் பார்த்தவர்கள் உண்டு. அந்த வாகனங்களோடு அவற்றைத் திருத்திய கராஜ்களும், கருவிப் பெட்டிகளும், பலசமயம் திருத்திய மனிதர்களும் போய்விட்டார்கள். பக்கத்தில் நின்று சாவி எடுத்துக் கொடுத்துப் பழகியிருக்க வேண்டிய பெடியள் அந்த வயதில் முகாம்களில் இருந்தார்கள். இப்போது கராஜ் வைத்திருக்கிறவர்களில் பலர் தாங்களாகவே தட்டித் தடவிப் பழகியவர்கள். அவர்களில் எனக்குக் கோபமில்லை. சொல்லிக் கொடுக்க ஆளில்லாமல் போனதில்தான் கோபம்.

போதாக்குறைக்கு வாகனங்களும் கிழடாகிவிட்டன. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. சொந்தப் பாவனைக்கான கார்கள் திரும்ப வரத் தொடங்கியது 2025 பெப்ரவரியில்தான். இடையில் ஐந்து வருடம், நாட்டில் இருந்ததைத்தான் உருட்டினோம். வயருக்கும் வயது உண்டு. எஞ்சின் சூட்டுக்குப் பக்கத்தில் ஓடுகிற வயரின் தோல் காய்ந்து, மடித்தால் முட்டை ஓடுபோல் நொறுங்குகிறது. அதோடு எங்கள் மண்ணும் சேர்ந்துகொள்கிறது. கோடையில் கிறவல் வீதியின் செம்புழுதி ஒவ்வொரு சொக்கெற்றுக்குள்ளும் போய்ப் படிகிறது. மாரியில் அந்தப் புழுதி ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கிறது. முல்லைத்தீவுக் கரையோரம் என்றால் உப்புக் காற்று வேறு. 2018 டிசெம்பரில் இரணைமடு வான்பாய்ந்து கிளிநொச்சியில் ஊர்களுக்குள் வெள்ளம் வந்தபோது இருக்கை மட்டத்துக்குத் தண்ணீர் ஏறிய வாகனங்களைக் கழுவி, வெயிலில் காயவைத்து, விற்றவர்களும் இருக்கிறார்கள். வாங்கியவருக்கு வயர்க் கட்டுக்குள் இருந்த சேறு தெரியாது.

எலியைச் சொல்லாமல் விடமுடியாது. காலபோக அறுவடை முடிந்து வயல் வெறுமையானால் எலி வீட்டுக்கும் களஞ்சியத்துக்கும் வருகிறது, அங்கேயிருந்து எஞ்சின் சூட்டுக்குள் ஏறிப் படுக்கிறது. பல் தேய்க்க வயர். ஹொண்டா நிறுவனம் மிளகாயின் காரச் சத்துப் பூசிய ஒரு ரேப்பை இதற்கென்றே விற்கிறது. எங்கள் பக்கத்துக் கடைகளில் நான் அதைக் கண்டதில்லை.

இன்னொரு தலைவலி எழுத்து. பாவித்த கார்கள் யப்பானிலிருந்து அப்படியே வருகின்றன. பியூஸ் பெட்டியின் மூடியில் எந்தப் பியூஸ் எதற்கு என்று யப்பானிய எழுத்தில் அச்சடித்திருக்கும். ஒருவருக்கும் வாசிக்கத் தெரியாது, அதனால் மூடியையே கழற்றி எறிந்துவிடுகிறார்கள். இன்றைக்குக் கராஜில் நிற்கிற ஒவ்வொரு பெடியனின் கையிலும் கைபேசி இருக்கிறது. கமராவைக் காட்டினால் அந்த எழுத்தை மொழிபெயர்த்துத் தருகிற செயலி இலவசமாகக் கிடைக்கிறது. ஒரு நிமிட வேலை. செய்வாரில்லை.

கார் மட்டுமா? உழவு இயந்திரப் பெட்டிகளைப் பாருங்கள். நெல் மூட்டை ஏற்றிக்கொண்டு பொழுதுபட்ட பிறகு பிரதான வீதியில் ஏறுகின்றன. பின்னால் ஒரு சொட்டுச் சிவப்பு வெளிச்சம் இல்லை. ஏன் என்று கேட்டால், "பெட்டிக்குப் போற வயர் சோட்டாகுது, அதால வெட்டி விட்டனாங்கள்" என்பது பதில். சொக்கெற்றுக்குள் நீர் போகிறது, வயர் வயல்வரம்பில் இழுபட்டு உரிகிறது, பியூஸ் போகிறது, வெட்டிவிடுகிறார்கள். அந்த இருட்டுப் பெட்டிக்குப் பின்னால் வருகிறவன் மோட்டார்சைக்கிளில் வருகிறவன். முட்டினால் அவன் வீட்டுக்குப் போய்ச் சொல்ல யார் இருக்கிறார்கள்?

இனி வருகிறது ஹைபிரிட் காலம். அந்தக் கார்களில் செம்மஞ்சள் நிறக் கேபிள் ஓடுகிறது. பிரியஸின் பெரிய பற்றரி 200 வோல்ற்றுக்கு மேல். அங்கே இந்த 12 வோல்ற் துணிச்சலோடு கைவைத்தால் கருகப்போவது கார்ப்பெற் இல்லை, ஆள். கம்பி சுற்றுகிற அதே கைகள் அந்தப் பற்றரியின் மூடியையும் திறக்கத் தொடங்கிவிட்டன என்பதை நினைக்கவே பயமாக இருக்கிறது.

வருடா வருடம் வரிப்பத்திரம் எடுக்கப் புகைப் பரிசோதனைக்குப் போகிறோம். குழாய்க்குள் கருவியை விட்டுப் புகையை அளக்கிறார்கள், சான்றிதழ் தருகிறார்கள். நல்லது. அதே இடத்தில் காரின் பியூஸ் பெட்டியையும் ஒருதரம் திறந்து, நிறத்தைப் பார்த்து, கம்பி இருந்தால் திருப்பி அனுப்ப எவ்வளவு நேரம் பிடிக்கும்? புகைக்கு இருக்கிற அக்கறை நெருப்புக்கு வேண்டாமா?

கிளிநொச்சி அறிவியல் நகரில் 2016இல் இலங்கை-ஜேர்மன் பயிற்சி நிறுவனம் திறந்தார்கள். வாகனத் தொழில்நுட்பம் அங்கே கற்பிக்கிறார்கள். கூப்பிடு தூரத்தில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம். இவ்வளவும் எங்கள் மண்ணில் இருக்கிறது. ஆனால் விசுவமடுவிலோ நெடுங்கேணியிலோ கிறீஸ் கையோடு நிற்கிற பெடியன், உழைப்பை விட்டுவிட்டு முழுநேரம் படிக்கப் போகமுடியாது. அங்கே படித்துத் தேறியவன் எனக்குத் தெரிந்து கட்டார் போய்விட்டான், அவனையும் குறை சொல்லமுடியாது. ஞாயிற்றுக்கிழமை ஒரு நேரம், கராஜ்காரரைக் கூப்பிட்டு, ஒரு பல்பையும் ஒரு மல்ரிமீற்றரையும் கையில் கொடுத்து, சோட் ஒன்றை எப்படித் தேடுவது என்று காட்டுகிற வகுப்பை ஊருக்கு ஊர் நடத்தினால் என்ன? புதுக்குடியிருப்பு ஐயாவைப்போல மிஞ்சியிருக்கிற சிலரை அந்த வகுப்புக்கு ஆசிரியராகக் கூப்பிட்டால் என்ன? அவர்களுக்கு வயது போகிறது. ஐயாவின் கொட்டிலில் நான் போன அன்று பக்கத்தில் நிற்க ஒரு பெடியன்கூட இருக்கவில்லை.

அதுவரைக்கும் கராஜ் வைத்திருக்கிற தம்பிமாரிடம் ஒன்று கேட்கிறேன். நேரம் எடுத்தால் எடுங்கள், காரை இரண்டு நாள் விட்டுவிட்டுப் போகச் சொன்னாலும் விடுகிறோம். தேடிய நேரத்துக்கும் கூலி சொல்லுங்கள், தருகிறோம். ஆனால் தோல் உரிந்த அந்த வயர்த் துண்டை வெட்டி எடுத்து எங்கள் கையில் தாருங்கள். அதற்குப் பிறகு புதுப் பியூஸைப் போடுங்கள்.